வலிக்கிற பக்கமும் குடிக்கட்டும்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் தலபுராணம் ஒரு தாய்ப்பால் கதை. ஊர் ஞானாரண்யம் என்ற காடாக இருந்த காலம். அத்திரி முனிவர் ஆசிரமத்தில் இல்லாத நேரம். சிவனும் திருமாலும் நான்முகனும் வேதியர் வேடத்தில் வந்து அனுசூயையிடம் அன்னம் கேட்கிறார்கள். ஆடையின்றிப் பரிமாறினால்தான் உண்போம் என்கிறார்கள். கணவனின் பாதம் கழுவிய நீரை அவள் தெளிக்க, மூவரும் பச்சைக் குழந்தைகளாகிறார்கள். அவள் பாலூட்டித் தொட்டிலில் கிடத்துகிறாள். பிறகு தேவியர் மூவரும் வந்து இறைஞ்ச, குழந்தைகள் தெய்வ உருக்கொண்டு விடைபெறுகிறார்கள்.

மூன்று பிள்ளைகளுக்குச் சுரந்த மார்பு அதன்பின் என்ன பாடுபட்டது என்று புராணம் சொல்வதில்லை. குடிக்க வாயில்லாமல் தேங்கிய பால் என்ன செய்யும் என்பது பிள்ளை பெற்ற பெண்களுக்குத் தெரியும். முதலில் கனம். பிறகு கல் மாதிரி ஒரு திரட்சி. அதற்குள் கிருமி புகுந்து பெருகிவிட்டால், ஒரே இரவில் ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும் காய்ச்சல். ஊர்வழக்கில் பால்கட்டு, மருத்துவர்கள் மார்பக அழற்சி என்பார்கள்.

இது அபூர்வ நோயன்று. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் லிசா அமீரும் சக ஆய்வாளர்களும் 1193 தாய்மார்களை ஆறு மாதம் பின்தொடர்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 17 சதவீதம் பேருக்கு அது வந்திருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் நான்கு வாரத்துக்குள்ளேயே. அதாவது, நம் ஊர்க் கணக்கில், பிள்ளைக்கு இருபத்தெட்டாம் நாள் அரையில் கயிறு கட்டுவதற்கு முன்னால். தாய் இன்னும் பேறுகால மருந்து தின்றுகொண்டு, இரவும் பகலும் பிரித்தறியாமல் கிடக்கும் நாட்கள் அவை.

எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் வந்தது. சுசீந்திரத்துத் தாய்வீட்டில் இருந்தாள். முந்தின நாள் பார்க்க வந்த கூட்டத்தில் பகல் முழுவதும் பிள்ளை கைமாறிக் கைமாறி, பால் கொடுப்பது இரண்டு மூன்று முறை தள்ளிப்போயிருந்தது. நடுராத்திரி குளிர் நடுக்கம். இரண்டு போர்வை போட்டும் பல் கிட்டியது. காலையில் பார்த்தால் இடது மார்பின் வெளிப்புறத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு சிவப்பு, அகன்ற பக்கம் அக்குள் நோக்கியும் கூர்மை காம்பு நோக்கியும். தோல் இழுத்துக் கட்டியதுபோல் பளபளத்தது. விரல் பட்டாலே சுட்டது. காம்பின் ஓரத்தில் நகக்கீறல் அளவில் ஒரு வெடிப்பு.

ஆச்சி பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "அந்தப் பக்கம் குடுக்காத மக்ளே. காய்ச்சப் பாலு பிள்ளைக்கு ஆவாது. பூவை வச்சுக் கெட்டு, ரெண்டு நாள்ல வத்திரும்."

"வத்திருச்சுன்னா பொறவு ஊறுமா ஆச்சி?"

ஆச்சியிடம் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பெண் கேட்ட கேள்விதான் இந்த விஷயத்தின் மையம்.

காய்ச்சல் கண்ட தாயின் பால் குழந்தைக்கு ஆகாது என்ற எண்ணம் நம் வீடுகளில் மட்டும் இருப்பதன்று. உலகம் முழுவதும் உண்டு. அது பிறந்ததற்குக் காரணமும் உண்டு. அழற்சி வந்த மார்பில் சுரக்கும் பால் உண்மையிலேயே மாறித்தான் போகிறது. பால் சுரக்கும் நுண்ணறைகளின் சுவரில் செல்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருக்கும். அழற்சியில் அந்த ஒட்டு தளர்கிறது. ரத்தத்திலுள்ள சோடியமும் குளோரைடும் இடைவெளி வழியே பாலுக்குள் கசிகின்றன. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை குறைகிறது. இனித்த பால் உப்புக் கரிக்கத் தொடங்கிவிடும். குழந்தை இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்? பால் கெட்டுவிட்டது என்று முடிவாகிவிடும்.

கெடவில்லை. கரிக்கிறது, அவ்வளவே. நோய் தணிந்த சில நாட்களில் பழைய சுவை திரும்பிவிடும்.

கிருமி? பெரும்பாலும் இதற்குக் காரணமாவது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருப்பது. குழந்தையின் மூக்கிலும் வாயிலும் பல சமயம் ஏற்கெனவே இருக்கும். தாயிடமிருந்து பிள்ளைக்கும் பிள்ளையிடமிருந்து தாய்க்குமாகப் போய்வந்துகொண்டிருக்கும். கிருமியைப் பிரித்து வைத்துக் குழந்தையைக் காப்பாற்றலாம் என்பது நடவாத காரியம். காப்பாற்ற வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. அழற்சியின்போது பாலில் வெள்ளணுக்களும் நோயெதிர்ப்புப் பொருட்களும் கூடுகின்றன. தாய்க்கோ பிள்ளைக்கோ தொற்று வந்தால் பாலில் வெள்ளணுக்கள் சட்டென்று பெருகுவதை மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. பச்சைக் குழந்தையின் எச்சிலில் உள்ள சில பொருட்கள் தாய்ப்பாலிலுள்ள ஒரு நொதியோடு கலக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது. புண் கழுவப் பயன்படுவதே அது. அங்கே உண்டாகும் அளவு ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸின் வளர்ச்சியைத் தடுக்கப் போதுமாக இருந்தது. ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் பிள்ளையின் வாயிலேயே ஒரு கிருமிநாசினி தயாராகிறது என்று பொருள்.

உலக சுகாதார நிறுவனம் மார்பக அழற்சியைப் பற்றித் தனியாகவே ஓர் ஆவணத்தை 2000-இல் வெளியிட்டது. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு அந்த மார்பிலேயே தொடர்ந்து பால் கொடுக்கலாம், கொடுப்பதுதான் நல்லது என்பது அதன் சாரம். கொடுப்பதைத் திடீரென நிறுத்தினால் பால் மேலும் தேங்கிச் சீழ்க்கட்டியாகும் வாய்ப்பு கூடும். ஆபத்து நிறுத்துவதில்தான் இருக்கிறது.

பூவுக்கு வருவோம். நாஞ்சில் நாட்டில் பூவுக்குப் பஞ்சமில்லை. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் தோவாளைச் சந்தை விடியும் முன்பே பிச்சியும் மல்லிகையுமாக மணக்கும்; அங்கிருந்து கேரளம் வரை போகும். பால் வற்ற மார்பில் மல்லிகை வைத்துக் கட்டுவது தென்னிந்தியா முழுவதும் உள்ள வழக்கம். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மல்லிகைப் பூ பால் சுரப்பைக் குறைக்கிறதா என்று எலிகளில் செய்த ஆய்வு 1979-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது, குறைத்தது. 1988-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தாய்மார்களிடமே பார்த்தார்கள். பால் வற்றவைக்க வேண்டிய நிலையில் இருந்த பெண்களில் ஒரு பிரிவுக்கு அன்று வழக்கத்தில் இருந்த புரோமோகிரிப்டின் மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு மார்பில் மல்லிகைச் சரம். பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் இரு பிரிவிலும் குறைந்தது, மாத்திரையில் கூடுதலாக. ஆனால் மார்பு கட்டிக்கொள்வது, பால் அளவு, வலி மாத்திரைத் தேவை இவற்றைப் பார்த்தபோது பூவும் மாத்திரையும் சமமாகவே நின்றன. மாத்திரை எடுத்தவர்களில் சிலருக்கு நிறுத்தியபின் பால் மறுபடி ஊறியது.

பாலூட்டாத பெண்ணுக்கு எதுவும் செய்யாவிட்டாலும் புரோலாக்டின் இறங்கவே செய்யும் என்பதால், இதில் பூவின் பங்கு எவ்வளவு என்று இந்த ஓர் ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்வது கடினம். என்றாலும், பிறந்த குழந்தையை இழந்த தாய்க்கு, தேங்கும் பாலால் வரும் உடல் வேதனையையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும் நாட்களில், மல்லிகைச் சரம் மலிவான, தீங்கில்லாத துணை. புரோமோகிரிப்டின் அப்படியன்று, பக்கவாதம், மாரடைப்பு பற்றிய அச்சத்தால் பால் வற்றவைக்க அதைக் கொடுப்பது அமெரிக்காவில் 1990-களில் கைவிடப்பட்டது.

ஆகவே ஆச்சிக்குத் தெரிந்திருந்தது மெய்யான மருந்து. அது யாருக்கு என்பதில்தான் பிசகு. பால் வற்ற வேண்டியவளுக்கு உரிய பூவை, பால் ஊறிக்கொண்டே இருக்க வேண்டியவளுக்குக் கட்டக் கூடாது. அதிலும் தொற்று உள்ள மார்பில் குடிப்பதை நிறுத்திவிட்டுப் பூவை வைத்து இறுக்கிக் கட்டுவது, கிருமியையும் பாலையும் ஒன்றாக உள்ளே பூட்டுவதற்குச் சமம்.

இனி, கை வைத்தியத்தின் இன்னொரு பாதி: பிசைதல். எண்ணெய் தேய்த்து உருவுவது, சுடச்சுட வெந்நீர் ஒத்தடம், கட்டி கரையும்வரை கட்டை விரலால் அழுத்துவது. இதில் குற்றம் ஆச்சிமார் தலையில் மட்டும் இல்லை. சூடு வை, தேய், கடைசிச் சொட்டு வரை காலி செய் என்று மருத்துவ நூல்களும் நெடுங்காலம் சொல்லிவந்தன. டென்மார்க்கில் 1984-இல் நடந்த ஆய்வு, தேங்கிய பாலை வெளியேற்றியவர்கள் சும்மா விட்டவர்களைவிட விரைவில் தேறினார்கள் என்றும், தொற்று இருந்தவர்களுக்கு அதோடு ஆன்டிபயாடிக்கும் சேர்ந்தபோது மிக நன்றாகக் குணம் தெரிந்தது என்றும் காட்டியது. அதிலிருந்து 'எவ்வளவு காலி செய்கிறோமோ அவ்வளவு நல்லது' என்ற இடத்துக்கு எல்லோரும் தாவிவிட்டோம்.

மார்பின் உள்ளமைப்பைப் பற்றிய அறிவு மாறியதும் இந்த யோசனையும் மாறியது. லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், இறந்த தாய்மார்களின் பால் குழாய்களில் வண்ண மெழுகைச் செலுத்தி 1840-இல் வரைந்து வெளியிட்ட படங்களையே பாடநூல்கள் தலைமுறை தலைமுறையாகப் பின்பற்றின. 2005-இல் பெர்த்தில் டோனா கெட்ஸ் உள்ளிட்ட குழுவினர், பால் கொடுக்கும் பெண்களின் மார்பை அல்ட்ராசவுண்ட் வழியாகப் பார்த்தார்கள். காம்பில் திறக்கும் முதன்மைக் குழாய்கள் சராசரியாக ஒன்பதுதான். காம்புக்குப் பின்னால் பால் சேர்ந்து நிற்பதாகப் படங்களில் வரைந்திருந்த பைகளைக் காணோம். குழாய்களோ இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு மெல்லியவை, தோலுக்கு மிக அருகில் ஓடுபவை, லேசாக அழுத்தினாலே நசுங்குபவை. இறுக்கமான ரவிக்கையும், குப்புறப் படுப்பதும், பிள்ளையின் மூக்குக்கு வழிவிடுவதாக நினைத்து மார்பை இரு விரலால் கவ்விப் பிடிப்பதும் ஏன் பால்கட்டில் முடிகின்றன என்பது இதனால் விளங்கியது.

தாய்ப்பாலூட்டல் மருத்துவத்துக்கான சர்வதேசக் கழகம் 2022-இல் தன் நெறிமுறையைத் திருத்தி எழுதியது. பால்கட்டு என்பது கெட்டிப்பட்ட பால் ஏதோ ஒரு குழாயை அடைத்துக்கொள்வதால் வருகிறது என்ற எண்ணத்தை அது விட்டுவிட்டது. வாய்க்காலில் மண் விழுந்து அடைத்தால் வெட்டி எடுக்கலாம். இரண்டு கரையும் நீர் கோத்து உப்பி நடுவில் நெருக்கும்போது வெட்டி என்ன பயன்? குழாயைச் சுற்றிய திசு வீங்கித்தான் பாலின் வழி குறுகுகிறது. வீங்கிய திசுவைக் கட்டை விரலால் நசுக்கினால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து வீக்கம் ஏறும். பம்ப் வைத்து ஓயாமல் உறிஞ்சினால் உடல் அதைக் கூடுதல் பிள்ளைகளின் பசி என்று எடுத்துக்கொண்டு மேலும் சுரக்கும்.

ஆகவே இப்போது சொல்வது: பிள்ளை வழக்கமாக எத்தனை முறை குடிக்குமோ அத்தனை முறை, வலிக்கிற பக்கத்திலும் கொடுங்கள். குறைக்கவும் வேண்டாம், காலி செய்தே தீருவேன் என்று கூட்டவும் வேண்டாம். வாய் வைக்கவே முடியாத அளவு வலித்தால், நல்ல பக்கத்தில் தொடங்கிப் பால் இறங்கத் தொடங்கியதும் இந்தப் பக்கம் மாற்றலாம். அப்போதும் முடியாவிட்டால் பிள்ளை குடிக்கும் அளவுக்குக் கையால் பீய்ச்சி, கிண்ணத்திலோ பாலாடையிலோ கொடுக்கலாம். தொடுவதாக இருந்தால் பூனைக்குட்டியைத் தடவும் அளவுக்கு மேல் அழுத்தம் வேண்டாம். காம்பிலிருந்து அக்குள் பக்கமாக. ஐஸ் கட்டியைத் துவர்த்தில் சுற்றி, பால் கொடுத்தபின் சிறிது நேரம் வைக்கலாம்.

இந்தக் கடைசி யோசனை நாஞ்சில் நாட்டு வீட்டில் எடுபடுவது எளிதில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் குளிர்ந்த தண்ணீரே கொடுக்காத வீட்டில் மார்பில் ஐஸா? பால் குளிர்ந்து பிள்ளைக்குச் சளி பிடித்துவிடும் என்று நான்கு பேர் பாய்ந்து வருவார்கள். அவர்களிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். பால் தாயின் ரத்தத்திலிருந்து அவள் உடல் சூட்டிலேயே உண்டாகிறது. தோலின் மேல் சில நிமிடம் வைத்த குளிர்ச்சி வீக்கத்தைக் குறைக்கும். குழந்தைக்குச் சளியைக் கொண்டுவராது, சளி வைரஸால் வருவது. மேல்நாட்டுக் கிழவிகள் இதே தொல்லைக்கு முட்டைக்கோஸ் இலையைக் குளிரவைத்து மார்பில் போட்டார்கள். அவர்கள் இலைக்கும் நம் பூவுக்கும் பொதுவான குணம் ஈரமும் குளிர்ச்சியும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு அந்தக் குளிர்ச்சி போதும்.

வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிட்டமால், வீக்கத்துக்கு ஐபுப்ரோஃபென். பாலூட்டும் தாய்க்கு இரண்டுமே ஏற்றவை. வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ ஆஸ்துமாவோ இருந்தால் மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். வெறும் தேக்கமாக இருந்தால் பெரும்பாலும் ஒரு நாளில் தணிந்துவிடும். 24 மணி நேரமாகியும் காய்ச்சலும் சிவப்பும் இறங்காவிட்டால், அல்லது முதலிலிருந்தே கடுமையாக இருந்தால், காத்திருக்கக் கூடாது.

அப்போது போக வேண்டிய இடம் மெடிக்கல் ஷாப் இல்லை. கடையில் கேட்டு வாங்கும் வெறும் அமாக்சிசிலின் இந்தக் கிருமியிடம் பல சமயம் தோற்றுப்போகும். பென்சிலின் வகை மருந்தைச் சிதைக்கும் நொதி அதனிடம் உண்டு. அந்த நொதியைத் தாங்கி நிற்கும் மருந்தை மருத்துவர் தேர்ந்தெடுத்து, வழக்கமாகப் பத்து முதல் பதினான்கு நாள் கொடுப்பார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது என்று மீதியைப் பரணில் எறிந்தால் தொற்று திரும்பி வரும். மாத்திரை சாப்பிடும்போது பால் கொடுக்கலாமா என்ற பயத்தில் மாத்திரையை விட்டவர்களும் உண்டு, பாலை விட்டவர்களும் உண்டு. இதற்கு வழக்கமாகத் தரும் ஆன்டிபயாடிக்குகளோடு பால் கொடுக்கலாம். சீட்டு எழுதும்போதே 'கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன்' என்று சொன்னால் போதும்.

மருந்து தொடங்கி இரண்டு நாளாகியும் கட்டி அப்படியே இருந்தால், அதிலும் தொட்டால் தளதளவென்று அசைந்தால், உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். அமீர் குழுவினரின் 2004 ஆய்வில், அழற்சிக்கு ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்ட பெண்களில் மூன்று சதவீதத்தினர்தான் அந்த நிலைக்குப் போனார்கள். அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பது இன்று பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுசீந்திரத்திலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரந்தான். கத்தி வைப்பார்கள் என்று பயந்து பத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தால், ஊசியில் முடிய வேண்டியது கத்தி வரை போய்விடும். சீழ் எடுத்தபின்னும் மறு மார்பில் தடையின்றிக் கொடுக்கலாம். அதே மார்பில் எப்போது என்பதை வெட்டோ ஊசியோ பட்ட இடத்தைப் பார்த்து மருத்துவர் சொல்வார். முழுச் சிகிச்சைக்குப் பிறகும் சிவப்பும் கட்டியும் போகவே இல்லையென்றால் பால்கட்டு என்றே எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அரிதாக மார்பகப் புற்றுநோயும் இதே முகத்தோடு வரும்.

ஒரு விலக்கும் உண்டு. எச்.ஐ.வி. உள்ள தாயின் மார்பில் அழற்சி வந்தால் அந்தப் பாலில் வைரஸ் கூடுகிறது. அவர் அந்தப் பக்கம் கொடுக்காமல் உடனே மருத்துவரையோ அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்தையோ கேட்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கும் மருத்துவர் சொல்வதே கணக்கு.

இவ்வளவும் வந்தபின் செய்வது. வராமல் தடுப்பதற்குப் பார்க்க வேண்டிய இடம் பிள்ளையின் வாய். தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பேறும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. அதில் 45 சதவீதம் சிசேரியன் என்கிறது ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. தையல் வலியோடு மல்லாந்து கிடக்கும் தாயிடம் முதல் முறை பிள்ளையைக் கொடுக்கும்போது, அது காம்பை மட்டும் கவ்வுவதா, சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வுவதா என்று உட்கார்ந்து பார்க்க ஆள் குறைவு. காம்பை மட்டும் கவ்வினால் வெடிப்பு. வெடிப்பு வலித்தால் அந்தப் பக்கம் கொடுக்கத் தயக்கம். தயங்கினால் தேக்கம். வெடிப்பு வழியாகக் கிருமி.

பேறு முடிந்து வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியர் பிள்ளையின் எடையையும் தடுப்பூசி அட்டையையும் பார்ப்பார். அவரை உட்காரவைத்து, ஒரு தடவை பால் கொடுப்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளையின் வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, தாடை மார்பில் பதிந்திருக்கிறதா, கன்னம் குழியாமல் நிதானமாக விழுங்குகிறதா என்று அவர் கவனிப்பார். வாயிலிருந்து எடுத்த காம்பு உருண்டையாக இருந்தால் சரி. ஒரு பக்கம் நசுங்கி வெளிறியிருந்தால் பிடிமானம் தவறு. அங்கேயே பிள்ளையைத் திருப்பிப் போட்டுக் காட்டித் தரலாம். அவர் வர நாளாகும் என்றால் 104-க்கு எந்நேரமும் கூப்பிட்டுக் கேட்கலாம், நடுராத்திரி குளிர் நடுக்கம் வந்தாலும்.